ஆர்கன் ஆம்ப்பில் கிட்டார் வாசிக்கலாமா?

கேள்வி: மதுரை திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஹாமண்ட் என்ற அமெரிக்க மின்சார ஆர்கனிலிருந்து கழற்றிய வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்று வாங்கினேன். தகட்டில் 117 வோல்ட், 60 சைக்கிள் என்று இருக்கிறது. இந்தப் பக்கத்துச் சர்ச்சில் பல வருஷம் வாசித்தது என்றார் விற்றவர். 6பிக்யூ5 பவர் வால்வு இரண்டு, 12ஏஎக்ஸ்7 முன்வால்வு இரண்டு, ரெக்டிஃபையர் வால்வு ஒன்று. 110 வோல்ட் ஸ்டெப் டவுன் வைத்து கிட்டாரைச் சொருகினால், வால்யூம் முழுக்க வைத்தும் சத்தம் கேட்டும் கேட்காமலும் வருகிறது. டிரான்ஸ்ஃபார்மரில் கை வைக்க முடியாத சூடு. இதைக் கிட்டார் ஆம்ப் ஆக்க முடியுமா? (வாசகர், பழங்காநத்தம்)

பதில்: ஆக்கலாம். ஆனால் இனி அதை ஸ்டெப் டவுனில் ஓட்டாதீர்கள். ஸ்டெப் டவுன் வோல்டேஜை இறக்குமே தவிர சைக்கிளை (ஹெர்ட்ஸை) மாற்றாது. 60 சைக்கிளுக்குக் கட்டிய டிரான்ஸ்ஃபார்மரை நம் 50 சைக்கிளில் போட்டால், அதே வோல்டேஜுக்கு அதன் இரும்பில் காந்தப்பாய்வு ஐந்தில் ஒரு பங்கு கூடும். கை வைக்க முடியாத சூடு அதனால்தான். நீங்கள் கொடுத்த 110-லும் 13 சதவீதம் அதிகம்தான். சரிக்கட்ட 97.5 வோல்ட்டுக்கு இறக்கினால் 6.3 வோல்ட் ஹீட்டர் 5.25-க்கு விழுந்துவிடும். வால்வு தாங்குவது பத்து சதவீதம் வரைதான், அதாவது குறைந்தது 5.7. இரண்டுக்கும் பொருந்துகிற வோல்டேஜ் கிடையாது. சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் அந்தச் சூடு வேறு சேரும்.

விற்றவர் சொன்ன சர்ச் கதை எனக்குச் சந்தேகம்தான். சுற்றும் பல்சக்கரங்களால் சுரம் எழுப்பும் டோன்வீல் வகை ஹாமண்டின் மோட்டார் மின்சாரத்தின் சைக்கிளோடு ஒட்டிச் சுற்றுவது. 60 சைக்கிள் மாடலை இங்கே போட்டால் சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கி, ‘ச’ அழுத்தினால் கீழ் ‘த’ கேட்கும். அப்படிப் பல வருஷம் எந்தப் பாடகர் குழுவும் பாடியிருக்காது. நம் போன்ற நாடுகளுக்கு அந்தக் கம்பெனி 50 சைக்கிள் மாடல் தனியாகவே செய்தது. ஒருவேளை முழு ஆர்கனும் அந்த வியாபாரியிடம் இருந்து, அது வாசிக்கிற நிலையில் இருந்தால், ஆம்ப்பைத் திரும்ப அதிலேயே மாட்டிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். தனியாகக் கிடந்த சேசிஸ் என்றால் தயங்க வேண்டாம்.

புது பவர் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுவதே சரி. ஸ்டெபிலைசருக்குக் காயில் சுற்றும் கடையில் வேலை முடியும். பழையதை அளக்க 117 வோல்ட் தேவையில்லை. வால்வுகளைப் பிடுங்கிவிட்டு, ஒரு 12 வோல்ட் ஏசி டிரான்ஸ்ஃபார்மரை ப்ரைமரியில் கொடுங்கள். செகண்டரியில் வரும் ஒவ்வொரு அளவையும் 9.75-ஆல் பெருக்கினால் உண்மையான வோல்டேஜ். ஹீட்டர் சுற்று கொஞ்சம் கூடக் காட்டும், லோடு இல்லாததால். அதை 6.3 வோல்ட், 3 ஆம்பியர் என்றே எழுதிக் கொடுங்கள். உங்கள் நான்கு வால்வுக்கும் சேர்த்து 2.1 ஆம்பியர்தான் வேண்டும். ஹை வோல்டேஜ் சுற்றுக்கு 150 மில்லி ஆம்பியர். ரெக்டிஃபையர் ஹீட்டர் 5 வோல்ட்டா 6.3-ஆ என்று பார்த்து அதையும் தனிச் சுற்றாகக் கேளுங்கள். ஸ்டாம்பிங் (உள்ளே அடுக்கும் இரும்புத் தகடு) ஒரு அளவு பெரிதாகப் போடச் சொல்லுங்கள், விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

அளக்க உட்காரும் முன் ஒன்று. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை முதலைக் கிளிப்பில் கட்டி, கண்டென்சரின் பிளஸ்ஸுக்கும் சேசிஸுக்கும் குறுக்கே சில விநாடி பிடித்து, மீட்டரில் சைபர் வந்ததைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும்.

பிறகு எல்லா எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரையும் மாற்றுங்கள். ஒரு வால்விலிருந்து அடுத்ததற்குச் சிக்னலைக் கடத்தும் மெழுகுக் காகித கப்ளிங் கண்டென்சர்களையும் விடாதீர்கள். அவை கசிந்தால் முன்வால்வின் பிளேட் வோல்டேஜ் 6பிக்யூ5-இன் கிரிட்டுக்கு வந்து, அதன் பிளேட் செவ்வென்று பழுத்துவிடும். 630 வோல்ட் பாலியெஸ்டர் போதும். டவுன்ஹால் ரோட்டில் கிடைக்கும்.

சத்தம் ஏன் வரவில்லை? ஆர்கனின் சிக்னல் முன்னாலேயே பெருக்கப்பட்டு, பலத்தோடுதான் இந்த ஆம்ப்புக்குள் நுழைகிறது. கிட்டார் பிக்கப் தருவது வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. அதுவும் 1 மெக் ஓம் மாதிரி பெரிய இன்புட் இருந்தால்தான் மேல் சுரங்கள் மங்காமல் வரும். அதனால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், 6பிக்யூ5 ஜோடி, அவற்றுக்கு முன்னால் சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் 12ஏஎக்ஸ்7, இவற்றை அப்படியே விடுங்கள். மற்ற 12ஏஎக்ஸ்7-இன் சாக்கெட்டைச் சுற்றியுள்ளதை முழுக்கக் கழற்றிவிட்டு அங்கே புது முன்பகுதி கட்டுங்கள். ஜாக்கிலிருந்து 68 கிலோ ஓம் வழியாக முதல் பாதியின் கிரிட்டுக்கு, ஜாக்கில் தரைக்கு 1 மெக். இரு பாதிக்கும் பிளேட்டில் 100 கிலோ ஓம், கத்தோடில் 1.5 கிலோ ஓம், அதன் மேல் 22 மைக்ரோ ஃபாரட். நடுவில் 0.022 மைக்ரோ ஃபாரட், பிறகு 1 மெக் லாக் வால்யூம். இந்த வால்வுக்குத் தனியாக 10 கிலோ ஓம், 22 மைக்ரோ ஃபாரட் 450 வோல்ட் ஃபில்டர். டோன் கன்ட்ரோல் அப்புறம். முதலில் இது பேசட்டும்.

பவர் கொடுக்கும்போது ஸ்பீக்கர் மாட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். எத்தனை ஓம் ஸ்பீக்கர் என்று கண்டுபிடிக்கவும் அதே 12 வோல்ட்தான். ஆம்ப் அணைந்திருக்கும்போது 6பிக்யூ5-களின் இரு பிளேட்டுக்கும் இடையே கொடுங்கள். ஸ்பீக்கர் பக்கம் 0.38 வோல்ட் வந்தால் 8 ஓம், 0.54 என்றால் 16. இந்த ஜோடிக்கு வேண்டிய 8 கிலோ ஓம் அதில் அமையும்.

முதல் தடவை 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு ஏற்றுங்கள். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் சரி, எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். பிறகு பல்பை எடுத்துவிட்டு, 6பிக்யூ5-களின் பொதுக் கத்தோடு ரெசிஸ்டரில் வோல்டேஜ் பாருங்கள். 130 ஓமில் 10.4 வோல்ட் என்றால் மொத்தம் 80 மில்லி ஆம்பியர், ஆளுக்கு 40. ஸ்கிரீனுக்கு 4 கழித்து, பிளேட்டுக்கும் கத்தோடுக்கும் இடையே 300 வோல்ட் என்றால் 10.8 வாட். வரம்பு 12. தாண்டினால் ரெசிஸ்டரைக் கூட்டுங்கள். மாற்று வால்வுக்குக் கவலை வேண்டாம், ஐரோப்பியப் பெயரில் இது ஈஎல்84. பழைய ரேடியோக்களில் பெங்களூரு பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) செய்ததே கிடைக்கும்.

கடைசியாக எர்த். கிட்டாரின் கம்பிகள் ஆம்ப்பின் சேசிஸோடு இணைந்தவை. அமெரிக்க இரண்டு பின் வயரைப் பிடுங்கிவிட்டு மூன்று பின் போட்டு, எர்த்தை சேசிஸில் போல்ட் வைத்து முறுக்குங்கள். மெயின்ஸிலிருந்து சேசிஸுக்குப் போகும் சின்னக் கண்டென்சர் இருந்தால் வெட்டி எறியுங்கள். கோயில் திருவிழா மேடையில் மைக் செட் ஜெனரேட்டரிலும் உங்கள் ஆம்ப் ஈபி லைனிலும் ஓடுகிறது என்றால் வாசிக்கவே வேண்டாம். கை கம்பியில், உதடு மைக்கில் என்று நிற்பவருக்குத்தான் ஆபத்து. இரண்டையும் ஒரே போர்டில் மாட்டச் சொல்லி, மைக்குக்கும் கிட்டார் கம்பிக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்த்த பிறகு ஏறுங்கள்.