இங்கே என்றால் எங்கே?

அன்புள்ள ஐயா,

எங்கள் வாசகர் வட்டத்தின் இணையப் பக்கத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். விவாதங்களில் சான்றாக இணைப்புகளை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றும், அவை எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியவில்லை என்றும் நண்பர்கள் குறைப்படுகிறார்கள். ஒவ்வோர் இணைப்புக்கும் ‘டைட்டில்’ பண்புக்கூறைச் சேர்த்து, மவுஸை மேலே வைத்தால் விளக்கம் தோன்றும்படி செய்தால் போதுமா? விவாதத்தின் நடுவே பிறரின் எழுத்துப் பிழைகளைத் திருத்தலாமா?

க., ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள க.,

பிழைகளைத் தனியே எழுதிச் சொல்லுங்கள், சபையில் வேண்டாம். மற்றொரு கேள்விதான் என்னைச் சுட்டது.

சில வாரங்களுக்கு முன் தேக்காவில் ஒரு காப்பிக் கடையில் என் பழைய தமிழாசிரியரைச் சந்தித்தேன். நீரிழிவால் பார்வையை இழந்தவர். கைப்பேசியின் திரைவாசிப்பான் வழியாக இப்போதும் எல்லாவற்றையும் படித்துவிடுகிறார். என் கட்டுரை ஒன்றைத் திறந்து, அதிலுள்ள இணைப்புகளை மட்டும் வரிசையாக வாசிக்கவைத்தார். “இங்கே, இங்கே, மேலும் படிக்க, இங்கே” என்று அந்தக் குரல் சொல்லிக்கொண்டே போனது. “தம்பி, கண் தெரியாதவனுக்குக் கையை நீட்டி வழி காட்டுகிறாயே” என்று சிரித்தார். அத்தனை இணைப்புகளுக்கும் நான் பொறுப்பாக டைட்டில் எழுதி வைத்திருந்தேன் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அவற்றில் ஒன்றைக்கூட அந்தக் குரல் வாசிக்கவில்லை.

டைட்டில் புதிய கண்டுபிடிப்பு அன்று. வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லுக்கு 1995 நவம்பரில் வெளியான 2.0 விவரக்குறிப்பிலேயே இணைப்புகளுக்கு அது உண்டு. மேசைக் கணினியும் மவுஸும் மட்டுமே இருந்த உலகத்துக்கு அது பொருந்தியது. எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு கைப்பேசியில் படிப்பவரின் விரலுக்கு ‘மேலே வைத்துப் பார்ப்பது’ என்ற செயலே கிடையாது. விசைப்பலகையால் மட்டும் நகர்பவருக்கும் பெரும்பாலும் அது தோன்றாது. திரைவாசிப்பான்களோ அமைப்புக்கு ஏற்ப அதை வாசிக்கும் அல்லது விட்டுவிடும். இதை நம்பியிருக்க வேண்டாம் என்று எச்டிஎம்எல் தர ஆவணமே இன்று சொல்கிறது. உடற்குறை உள்ளவர்களும் இணையத்தைப் பயன்படுத்துவதற்காக 2008 டிசம்பரில் வந்த இணைய அணுகல் வழிகாட்டி கேட்பதும் எளிய ஒன்றுதான்: இணைப்பின் நோக்கம் அதன் சொற்களிலிருந்தோ, சுற்றியுள்ள வாக்கியத்திலிருந்தோ விளங்க வேண்டும்.

நீங்கள் தொழில்நுட்பம் கேட்கவில்லை, க.; ஒளிந்துகொள்ள ஓர் இடம் கேட்கிறீர்கள். வாக்கியம் அழகாக இருக்கவேண்டும், விளக்கம் கண்ணில் படாமல் இருக்கவேண்டும், ஆனால் கடமை முடிந்ததாகவும் கணக்கில் வரவேண்டும் என்கிறீர்கள். விவாதத்தில் வெறும் இணைப்பை வீசுவது, ‘போய்ப் படித்துவிட்டு வா’ என்று எதிராளியைத் துரத்துவதாகும். அதே 1995 அக்டோபரில் வெளியான இணைய நடத்தை வழிகாட்டி, பதில் எழுதுபவர் எதற்குப் பதில் சொல்கிறார் என்பதை மேலே சுருக்கித் தரவேண்டும், அல்லது சூழல் விளங்கும் அளவுக்கேனும் மூலத்தைச் சேர்க்கவேண்டும் என்கிறது. படித்ததை இரண்டு வரியில் சொல்ல முடியாவிட்டால், அதை நீங்களே படிக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அதிலும் நம் ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்யலாமா? 2021 டிசம்பரில் போலிக் குறுஞ்செய்தி இணைப்புகளைத் தொட்டுப் பலர் சேமிப்பை இழந்தார்கள். அடுத்த மாதமே, வங்கிகள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சல்களிலும் குறுஞ்செய்திகளிலும் சொடுக்கும் இணைப்புகளை நீக்கவேண்டும் என்று நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் அறிவித்தன. தெரியாத இணைப்பைத் தொடாதே என்று நம் அம்மாக்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, வாசகரிடம் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தொடு என்கிறோம். ‘சான்று இங்கே’ என்று எழுதாமல், ‘சொடுக்கும் இணைப்புகளை நீக்குவது பற்றி 2022 ஜனவரி 19 அன்று வெளியான அறிக்கை’ என்று எழுதி, அந்தச் சொற்களையே இணைப்பாக்குங்கள். வாக்கியம் சற்று நீளும், நீளட்டும்.

உங்கள் அக்கறை எனக்குப் பிடித்திருக்கிறது. அக்கறை இல்லாதவர் இதைக் கேட்டே இருக்கமாட்டார். ஆசிரியர் வாசித்துக் காட்டிய அந்தக் கட்டுரையில் பதினான்கு ‘இங்கே’கள் இருந்தன. பன்னிரண்டைத் திருத்திவிட்டேன். மீதி இரண்டும் சென்று சேரும் பக்கங்கள் இப்போது இல்லை. அவற்றில் நான் எதைக் காட்டினேன் என்பது எனக்கே நினைவில்லை.