நேரக் கணக்கு வைத்து ஆடும் கேம் என்றால் எரிச்சல்தானே வரும்? ‘மஜோராஸ் மாஸ்க்’கை ஏன் இத்தனை பேர் கொண்டாடுகிறார்கள்?

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை பார்க்கிறேன். எந்த வண்டி எந்த நிமிடம் எடுக்க வேண்டும் என்று பார்த்து, விசில் ஊதி, நோட்டில் எழுதி, “ரெண்டு நிமிசம்ணே, ஆள் வந்துக்கிட்டு இருக்காங்க” என்று கெஞ்சும் கண்டக்டரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் பிழைப்பு. அதனால் இந்தப் பதிலில் கொஞ்சம் தொழில் பாசம் இருக்கும். கழித்துக்கொண்டு படியுங்கள்.

எரிச்சல் வரத்தான் செய்யும். என் அக்கா மகன் ஆடிப் பார்த்துவிட்டு, “மாமா, ஒரு கோயிலுக்குள்ள பாதி போறதுக்குள்ள நிலா வந்து விழுந்துருது. யாரு மாமா இதை உக்காந்து ஆடுவா?” என்று கன்ட்ரோலரைக் கையில் திணித்துவிட்டுப் போனான். அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்த கேமில் பாராட்டத் தகுந்தது எல்லாமே அந்தக் கடிகாரத்தால் வந்தது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நாலு கோட்டை, நாலு பூதம், சுமாரான வாள்சண்டை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 2000இல் நிண்டெண்டோ 64க்கு வந்தது ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: மஜோராஸ் மாஸ்க்’. இயக்கியவர்கள் எய்ஜி அவோனுமா, யோஷியாகி கொய்சுமி. தயாரிப்பாளர் ஷிகெரு மியாமோட்டோ. 1998இல் சக்கைப்போடு போட்ட ‘ஒகரினா ஆஃப் டைம்’ கேமின் அடுத்த பாகம். முந்தையதுக்குப் பல வருடம் எடுத்தவர்கள், இதை ஏறக்குறைய ஒரு வருடத்தில் முடிக்க வேண்டும் என்று இறங்கினார்கள். அதனால் பழைய ஆட்களின் உருவங்களையே எடுத்து வேறு பெயர், வேறு வேலை கொடுத்து உலவவிட்டார்கள். சிக்கனத்துக்குச் செய்த காரியம்தான். ஆடும்போது மட்டும், தெரிந்த முகமெல்லாம் நம்மைத் தெரியாததுபோல் கடந்து போவது வயிற்றைக் கலக்குகிறது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் டிவி கேம் என்றால் மாரியோ, கான்ட்ரா கேசட்தான். நிண்டெண்டோ 64ஐக் கண்ணால் பார்த்ததில்லை. மச்சினன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஸ்விட்ச் என்ற புது நிண்டெண்டோ கருவியில்தான் ஆடினேன். 2022இல் அதன் ஆன்லைன் சந்தாவில் சேர்த்தார்கள்.

(இனிமேல் கதை உடையும். ஆடப்போகிறவர்கள் கடைசிப் பத்திக்குப் போய்விடுங்கள்.)

கிளாக் டவுன் என்றொரு ஊர். மூன்று நாளில் அங்கே திருவிழா. ஸ்கல் கிட் என்ற ஒருவன் மஜோரா என்ற சாபமுகமூடியை மாட்டிக்கொண்டு நிலாவைப் பிடித்து இழுக்கிறான். மூன்றாம் நாள் ராத்திரி முடியும்போது அது ஊர் மேல் விழும். 72 மணி நேரம். நம் கணக்கில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நாம் ஆட்டுவிக்கும் வீரன் லிங்க், ஒகரினா என்ற ஊதுகருவியில் ஒரு பாட்டு வாசித்தால் மறுபடி முதல் நாள் காலை ஆறு மணி. கற்ற பாட்டும் சேர்த்த முகமூடிகளும் கூடவே வரும். அம்பு, குண்டு, காசு எல்லாம் போய்விடும். காசை மட்டும் வங்கியில் போட்டுவைத்தால் அப்படியே இருக்கும். கையில் முத்திரை குத்தி அனுப்பும் அந்த வங்கிக்காரனுக்கு மட்டும் காலம் பின்னால் போனது எப்படித் தெரிகிறது என்று கேட்காதீர்கள். பாஸ்புக் இல்லாமல் இவ்வளவு ஒழுங்காக நடக்கும் வங்கியைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

இந்த மூன்று நாளில் ஊரில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு ஷெட்யூல் உண்டு. நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது நடக்கும். தபால்காரன் இந்த நேரத்தில் இந்தத் தெருவில் ஓடுவான், விடுதிக்கார அஞ்சு இந்த மணிக்குப் பாட்டிக்குச் சாப்பாடு கொண்டுபோவாள். இதையெல்லாம் குறித்துக்கொள்ள ஒரு நோட்டுப்புத்தகம் தருகிறார்கள். இருபது பேர், மூன்று நாள், யார் எப்போது எங்கே என்று கட்டம் கட்டமாக. என் மேசையில் கிடக்கும் நோட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. என் நோட்டில் திருச்சி வண்டி இருக்கும், அதில் மனுசன் இருப்பான், அவ்வளவுதான்.

மற்ற கேம்களில் வழியில் நிற்பவர் நமக்காகவே நிற்கிறார். ஒரு வருடம் கழித்துப் போனாலும் அதே மரத்தடியில் அதே பேச்சு. அவருக்கு உதவுவதில் நமக்கு நஷ்டமே இல்லை. மஜோராஸ் மாஸ்க்கில் ஒருவருக்காகச் செலவழிக்கும் மணி இன்னொருவரிடமிருந்து எடுத்தது. முதல் நாள் நள்ளிரவில் குண்டுக்கடைக் கிழவியிடம் சாகோன் என்ற திருடன் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். அவனை அடித்துப் பையை மீட்கலாம். மீட்டால் அவன் திருட்டுச் சாமானை விற்கக் கடைப்பக்கம் வர மாட்டான். வராவிட்டால் அவனைப் பின்தொடர்ந்து போக வழியில்லை. போகாவிட்டால், அவன் ஏற்கெனவே திருடிவைத்திருக்கும் கல்யாண முகமூடி கிடைக்காது; அஞ்சுவின் கல்யாணமும் நடக்காது. அஞ்சுவைச் சேர்த்துவைக்க வேண்டுமென்றால் கிழவி அடிபட்டுக் கீழே கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இதை கேம் ஒரு இடத்திலும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நேரம் ஒன்றுதான், ஆள் நிறைய என்பதால் தானாக வந்து விழும் கணக்கு அது.

அஞ்சு, காஃபே கதைக்கு மட்டும் தனியாக எழுத வேண்டும். மேயர் மகன் காஃபேக்கும் அஞ்சுவுக்கும் நிச்சயமாகிவிட்டது. திருவிழா அன்று கல்யாணம். மாப்பிள்ளையைக் காணோம். ஸ்கல் கிட் அவனைச் சின்னப்பையனாக்கிவிட்டான். போதாக்குறைக்குக் கல்யாண முகமூடியும் திருடு போய்விட்டது. வெட்கத்தில் ஒளிந்து கிடக்கிறான். நாம் மூன்று நாளும் கடிதம், பதக்கம் என்று தூது போகிறோம். ஒரு நிமிடம் தவறினால் முதலிலிருந்து. கடைசியில் அவன் வந்து சேர்வது நிலா விழச் சிறிது நேரமே இருக்கும்போது. அஞ்சு ஊரைவிட்டு ஓடாமல் அறையில் காத்திருக்கிறாள். இரண்டு பேரும் முகமூடி மாற்றிக்கொண்டு, விடியலைச் சேர்ந்து வரவேற்போம், நீ போய்விடு என்று நம்மிடம் சொல்கிறார்கள். விடியப்போவதில்லை என்று அவர்களுக்கும் தெரியும். தங்கை கல்யாணத்துக்கு அழகர் நேரத்துக்கு வந்து சேராமல் வண்டியூர்ப் பக்கம் திரும்பிப்போன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். முகூர்த்தம் தப்புவது என்றால் என்னவென்று மதுரைக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டாம்.

அப்புறம் பாட்டு வாசிக்கிறோம். முதல் நாள் காலை. அஞ்சு மறுபடி மாப்பிள்ளையைக் காணாமல் நிற்கிறாள். அவர்கள் தந்த தம்பதி முகமூடி நம் பையில் இருக்கிறது, அவளுக்கு ஒன்றும் தெரியாது. நாம் செய்த நல்லது நம்மிடம் மட்டும் இருக்கிறது. இதைக் கடிகாரம் இல்லாமல் வேறு எந்த வழியிலும் உணரவைக்க முடியாது என்பது என் கட்சி.

இந்த கேமைப் பாராட்டுபவர்களில் பலர் “எவ்வளவு இருட்டு, எவ்வளவு திகில்” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நிலாவின் பல்லைக் கடித்த முகத்தைப் படம் போட்டு நிறைய எழுதுகிறார்கள். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. இருட்டு இருக்கிறது, மறுக்கவில்லை; கோரான் என்ற மலைவாசி இனத்தில் செத்துப்போன வீரனின் ஆவியைச் சமாதானப்படுத்தி அவன் முகத்தையே முகமூடியாக மாட்டிக்கொண்டு அவன் ஊருக்குள் நடக்கும்போது, எங்கள் வீரன் திரும்பி வந்துவிட்டான் என்று ஆட்கள் கொண்டாடுவதைக் கேட்டால் யாருக்கும் கூசும். ஆனால் நிலாவைவிட மனுசர்கள்தான் மனசில் நிற்கிறார்கள். நிலாவை ரெண்டாக வெட்டுவேன் என்று மார்தட்டிய வாள் வாத்தியார் மூன்றாம் ராத்திரி பின்னறையில் சுருண்டு சாக மாட்டேன் என்று அழுகிறார். தபால்காரன் அறையில் தவிக்கிறான். ஓடிவிடலாம், ஆனால் ஷெட்யூலில் ஓட்டம் இல்லையே! சிரிப்பு வரும். என்னைப்போல் ஷெட்யூலுக்கு உத்தியோகம் பார்ப்பவன் கொஞ்சம் தாமதமாகத்தான் சிரிப்பான்.

பண்ணைக்கார ரொமானியின் விஷயம் இன்னும் நுணுக்கம். ஆரம்பத்தில் பண்ணைக்குப் போகும் வழியில் பாறை அடைத்திருக்கும். மூன்றாம் நாள்தான் வழி திறக்கும். அப்போது போனால் சின்னப்பெண் ரொமானி புத்தி பேதலித்து உட்கார்ந்திருப்பாள். ஏன் என்று தெரியாது. பிறகு எப்போதோ வெடிமருந்துப் பீப்பாயால் பாறையைத் தகர்த்து முதல் நாளே போகும் வழி கிடைக்கும்போதுதான், அன்று ராத்திரி வந்து அவளைத் தூக்கிப்போனது என்னவென்று புரியும். முடிவை முதலில் காட்டி, காரணத்தைப் பிறகு நம்மையே போய்ப் பார்க்கவைக்கிறார்கள். அவளைக் காப்பாற்றினால் மூன்றாம் நாள் வேறு காட்சி. அக்கா க்ரீமியா, பெரியவர்கள் மட்டும் குடிக்கும் அந்தப் பண்ணைப் பாலை அன்று தங்கைக்கும் தருவதாகச் சொல்கிறாள், இன்றிலிருந்து நீ பெரியவள் என்று. எதற்கு அவசரமாக இன்று என்பதை அவள் தங்கையிடம் சொல்வதில்லை.

மேயர் வீட்டில் மூன்று நாளும் ஒரு கூட்டம். ஊரைக் காலி பண்ணுங்கள் என்று காவல்காரர்கள், திருவிழாவை நிறுத்தினால் பார் என்று தச்சர்கள். மேயர் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வெளியூர்க்காரர்களுக்கு இது மிகைப்படுத்தலாகத் தெரியலாம். 2020 ஊரடங்கில் அழகர் ஆற்றில் இறங்காத சித்திரையைப் பார்த்த எனக்கு அப்படித் தெரியவில்லை. திருக்கல்யாணத்தை செல்போனில் பார்த்தோம். அதற்கு முந்தைய வாரங்களில் எங்கள் டீக்கடையில் கேட்ட வாதங்களில் பாதி அந்த மேயர் வீட்டில் கேட்டவைதான். தச்சர்களை என்னால் முட்டாள்கள் என்று சொல்ல முடியவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. கடல் கோயில் ஒரு குழாய்க் காடு, அதற்குள் திசை தெரியாமல் சுற்றுவதில் ஒரு சுவையும் இல்லை. ஒரு சிறு காரியத்துக்காக மூன்றாம் நாள்வரை சும்மா நிற்க வேண்டிய இடங்கள் உண்டு. சேமிக்கும் ஏற்பாடும் கஞ்சத்தனம். ஜப்பானில் முதலில் வந்த பதிப்பில் ஆந்தைச் சிலையில் சேமிக்கும் வசதிகூட இல்லை. 2015இல் 3டிஎஸ் என்ற கையடக்க நிண்டெண்டோ கருவிக்கு மறுபடி செய்தபோது சிலவற்றைச் சரிசெய்தார்கள். விரும்பிய மணிக்குத் தாவலாம், ஆந்தைச் சிலையில் நிரந்தரமாகச் சேமிக்கலாம். ஆனால் சோரா என்ற மீன்மனித உருவத்தில் சீறிக்கொண்டு நீந்தும் சுகத்தை மந்தமாக்கிவிட்டார்கள். அதை நான் மன்னிப்பதாக இல்லை.

ஆடிப் பார்க்க நினைத்தால்: ஸ்விட்ச் பதிப்பு போதும், நினைத்த இடத்தில் நிறுத்திவைத்துக்கொள்ளும் வசதி அதில் இருக்கிறது. முதல் சுற்றில் நேரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். எப்படியும் மூன்றாம் நாள் நள்ளிரவில்தான் ஊர் நடுவிலுள்ள கடிகாரக் கோபுரத்தின் கதவு திறக்கும், அதுவரை ஊரைச் சுற்றி யார் எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். ஒகரினா கைக்கு வந்ததும் வைக்கோல் பொம்மையிடம் பேசுங்கள். முதல் நாளுக்குக் கொண்டுபோகும் அந்தக் காலப் பாட்டைத் தலைகீழாக வாசித்தால் கடிகாரம் மெதுவாகும். என் அக்கா மகன் அதைக் கேட்காமலேதான் கன்ட்ரோலரைத் திணித்துவிட்டுப் போனான். பிறகு சொன்னேன். “இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல மாமா” என்றான். பொம்மைதானே சொல்ல வேண்டும், நான் ஏன் சொல்ல வேண்டும்?