நடுச்சாமத்தில் ஒரு கண்ணைச் சுற்றி வலி: திருகோணமலையில் என்ன செய்யலாம்?

அண்ணாவுக்கு இரவில் ஒரே நேரத்துக்கு இடது கண்ணைச் சுற்றி வலி, அந்தக் கண்ணில் மட்டும் நீர், பனடோல் கேட்கவில்லை என்கிறீர்கள். கிளஸ்டர் தலைவலியாக இருக்கலாம். மைக்ரேன்காரர் இருட்டில் அசையாமல் படுப்பார். கிளஸ்டர்காரருக்கு ஓரிடத்தில் இருக்கவே ஏலாது.

வலி 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நிற்கும். விழுங்கிய மாத்திரை வேலை செய்வதற்குள் பல நேரம் அதுவே அடங்கிவிடும். முகமூடி வழியாக நிமிடத்துக்கு 12 முதல் 15 லீற்றர் சுத்த ஒட்சிசன், 15 நிமிடம்: பலருக்கு இது கேட்கும். சுமாட்ரிப்டான் ஊசியும் உண்டு, இதய நோயாளிக்கு ஆகாது.

திருகோணமலை ஆஸ்பத்திரியில் காட்டி நரம்பியல் நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். வராமல் தடுக்க வெரபமில் தரலாம், இசிஜி பார்த்துத்தான். அதுவரை கள்ளு, பியர் வேண்டாம். காய்ச்சல், கழுத்து விறைப்பு, கைகால் பலமிழப்பு சேர்ந்தால் உடனே அவசரப் பிரிவுக்கு.