படம் வரையத் தெரியாமல் அனிமேஷன் தயாரிப்பாளர் ஆக முடியுமா?

வாசகியின் கேள்வி: "வான்கூவரில் அனிமேஷன் டிப்ளமா முடிக்கப்போகிறேன். வரைவதில் நான் சுமார்தான். ஆனால் குழு வேலை என்று வந்தால் நாள் குறித்து, ஆள் பிரித்து, சொன்ன தேதியில் முடித்துக் கொடுப்பது நான்தான். ‘தி சிம்ப்ஸன்ஸ்’, ‘ரிக் அண்ட் மார்ட்டி’ போன்ற பெரியவர்களுக்கான அனிமேஷன் தொடர்களில் தயாரிப்பாளர் ஆக வேண்டும் என்பது என் ஆசை. வழி உண்டா? அமெரிக்கா போயே ஆக வேண்டுமா?"

பதில்: வழி உண்டு. வரையத் தெரியாதது தடையே அல்ல. ஆனால் எந்த நாற்காலி வேண்டும் என்பதை இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் தயாரிப்பாளராக இரண்டு ஏணிகள் இருக்கின்றன. ஒன்றில் பாதி ஏறிய பிறகு மற்றதற்குத் தாவியவர்கள் மிகக் குறைவு.

‘சிம்ப்ஸன்ஸ்’ அத்தியாயம் ஒன்றின் பெயர்ப் பட்டியலைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். தயாரிப்பாளர் என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் எழுத்தாளர்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் எழுத்தாளருக்குப் பதவி உயர்வு என்பதே அதுதான்: ஸ்டாஃப் ரைட்டராக நுழைந்து, ஸ்டோரி எடிட்டர், கோ-புரொடியூசர், புரொடியூசர் என்று ஏறி, எக்ஸிகியூட்டிவ் புரொடியூசராகி, கடைசியில் தொடரையே நடத்தும் ஷோரன்னர் ஆவார்கள். ஆல் ஜீன் இதற்கு நல்ல உதாரணம். ‘சிம்ப்ஸன்ஸ்’ முதல் சீசனில் எழுத்தாளராகச் சேர்ந்தார். சக எழுத்தாளர் மைக் ரீஸுடன் சேர்ந்து 3, 4-ஆம் சீசன்களை நடத்தினார். வெளியே போய் அவரோடு ‘தி கிரிட்டிக்’ தொடரை உருவாக்கினார். 2001-இல் தொடங்கிய 13-ஆம் சீசனிலிருந்து மறுபடி பொறுப்பேற்றார். இந்த ஏணி நகைச்சுவை எழுதுகிறவர்களுக்கு உரியது. குழந்தைகள் தொடர் பலவற்றில் ஸ்டோரிபோர்டு (காட்சிகளின் கட்டம் கட்டமான படவரிசை) வரைகிறவர்களே கதையையும் வளர்ப்பார்கள். பெரியவர்களுக்கான தொடர்களில் வசனம்தான் ராஜா. அதனால் எழுத்தாளர் கை ஓங்கியிருக்கும்.

நீங்கள் விவரிக்கும் குணம் இரண்டாவது ஏணிக்குரியது. புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட், கோஆர்டினேட்டர், புரொடக்‌ஷன் மேனேஜர், லைன் புரொடியூசர் என்று அது போகும். இவர் பணம் போடுகிறவர் அல்ல. பிறர் கொடுத்த பணத்துக்கும் காலத்துக்கும் கணக்குச் சொல்கிறவர்.

வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரே ஒரு நகைச்சுவைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். அப்பாவும் மகனும் சமையலறையில் சண்டை போடுகிறார்கள். எழுதி, நடிகர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாசித்து, குரலைப் பதிவு செய்தாயிற்று. அனிமேஷனில் குரல்தான் முதலில் வரும். அதற்கேற்ப ஸ்டோரிபோர்டு வரைந்து, படங்களைக் குரலோடு கோத்து அனிமேட்டிக் என்ற கரட்டு வடிவத்தையும் திரையிட்டாயிற்று. அறையில் யாருமே சிரிக்கவில்லை. "இந்தச் சண்டை காருக்குள் நடந்தால்?" என்கிறார் ஷோரன்னர். அந்த ஒரு வரியில் சமையலறைப் பின்னணி வீணாகிறது. காரின் உட்புறத்தைப் புதிதாக வடிவமைக்க வேண்டும்; சீட் பெல்ட் போட்ட உடல்களை வரைய வேண்டும்; ஜன்னலுக்கு வெளியே தெரு ஓட வேண்டும்; மாறிய வசனத்துக்கு நடிகரைத் திரும்ப அழைக்க வேண்டும். அனிமேட்டிக் கட்டத்தில் இது தாங்கக்கூடிய செலவு. மாற்றி எழுதுவதற்கென்றே அட்டவணையில் நாள் ஒதுக்கியிருப்பார்கள். காட்சி வெளிநாட்டு ஸ்டூடியோவுக்குப் போய் வண்ணத்தில் திரும்பி வந்த பிறகு அதே வரியைச் சொன்னால் கதை வேறு. ஸ்டூடியோவின் தவறைத் திருத்த வைத்தால் அது அவர்கள் பொறுப்பு. நம் மனம் மாறியதால் திருத்தச் சொன்னால் பில் நமக்கு வரும். எந்த ரீடேக் (திருத்தி மறுபடி செய்வது) எந்த வகை என்று வாதாடுவது லைன் புரொடியூசரின் அன்றாடம். முடியாது என்பதை ஷோரன்னரிடம் சொல்லவும் வேண்டும், அவர் நகைச்சுவையைக் காப்பாற்றவும் வேண்டும். "இந்த மாற்றம் முடியும், ஆனால் மூன்றாவது அங்கத்தின் கூட்டக் காட்சியை விட்டுக்கொடுங்கள்" என்று பேரம் பேசத் தெரிந்தவர்தான் இதில் நிலைப்பார்.

இப்படி ஒரு அத்தியாயம் முடிய ஏறக்குறைய 9 மாதமாவது பிடிக்கும். ஒன்று எழுதப்படும்போது இன்னொன்று குரல் பதிவில், வேறொன்று கொரியாவின் அனிமேஷன் ஸ்டூடியோவில் இருக்கும். அத்தனையும் உங்கள் அட்டவணையில் ஒரே நேரத்தில் ஓடும்.

சறுக்கல் எவ்வளவு பெரிதாக வரும் என்பதற்கு ‘சிம்ப்ஸன்ஸ்’ தொடக்கமே சாட்சி. 1989-இல் முதல் அத்தியாயமாக வரவேண்டியது கொரியாவிலிருந்து திரும்பியபோது பார்க்கச் சகிக்காமல் இருந்தது. பெரும்பகுதியைத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. அதை சீசன் கடைசிக்குத் தள்ளி, டிசம்பரில் கிறிஸ்துமஸ் அத்தியாயத்தோடு தொடங்கினார்கள். அதன் இடத்தில் வைக்க வேறொரு அத்தியாயம் கையிருப்பில் இருந்ததால் பிழைத்தார்கள். ‘சவுத் பார்க்’ இதற்கு நேர் எதிர்: ஒளிபரப்புக்கு முந்தைய ஆறு நாளில் ஒரு அத்தியாயம் முழுவதையும் முடிப்பார்கள். கையிருப்பே கிடையாது. 2013 அக்டோபரில் ஸ்டூடியோவில் மின்சாரம் போனதும் முதன்முறையாகக் கெடு தவறியது. சேனல் பழைய அத்தியாயத்தை ஒளிபரப்பியது. முதல் வேலைக்கு ஆறு நாள் முறையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பதற்றத்தைக் கற்றுக்கொள்ளலாம், திட்டமிடலைக் கற்க முடியாது.

பெரியவர்களுக்கான தொடருக்கு மட்டும் உரிய தலைவலியும் உண்டு. ஃபாக்ஸ் போன்ற ஒளிபரப்பு நெட்வொர்க்குக்கு அரசின் ஆபாசத் தடை விதிகள் பொருந்தும். கேபிளுக்கும் ஓடிடிக்கும் அவை அப்படியே பொருந்தாது. அதனால் நெட்வொர்க்கில் தணிக்கைப் பிரிவு ஸ்கிரிப்டிலேயே குறிப்பு எழுதி அனுப்பும். நையாண்டி செய்யப்படும் ஆளின் பெயர், பின்னால் தெரியும் கடைப் பலகை, முணுமுணுக்கும் பாட்டு எல்லாவற்றையும் வழக்கறிஞர் பார்த்தாக வேண்டும். அந்தப் பதில் வரைவதற்கு முன் வந்துசேர்கிறதா என்று துரத்துவதும் உங்கள் வேலை.

அமெரிக்கா போக வேண்டுமா? எழுத்தாளர் ஏணி என்றால் லாஸ் ஏஞ்சலிஸ்தான். லைன் புரொடியூசர் ஏணிக்கு நீங்கள் இருக்கும் ஊரே போதும்; ‘ரிக் அண்ட் மார்ட்டி’யின் பல சீசன்களுக்கு அனிமேஷன் செய்தது வான்கூவரின் பார்டெல் ஸ்டூடியோ. தவிர, பிரிட்டிஷ் கொலம்பியா தரும் வரிச்சலுகை அந்த மாகாணவாசிகளுக்குக் கொடுக்கும் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆகவே உள்ளூர்க்காரரை எடுப்பது ஸ்டூடியோவுக்கு லாபம். குறை என்னவென்றால், படைப்பு முடிவுகள் தெற்கே, அமெரிக்காவில் எடுக்கப்படும். உங்களுக்கு வருவது முடிவும் கெடுவும்.

வேலை நிரந்தரம் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். நெட்ஃபிளிக்ஸின் ‘இன்சைட் ஜாப்’ தொடருக்கு அடுத்த சீசன் உண்டு என்று 2022-இல் அறிவித்துவிட்டு, 2023 ஜனவரியில் ரத்து செய்தார்கள். ‘ஃபேமிலி கை’ 2002-இல் நிறுத்தப்பட்டு, டிவிடி விற்பனையும் மறு ஒளிபரப்பும் கைகொடுத்ததால் 2005-இல் உயிர்பெற்றது. அந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்காது. அடிமட்டப் புரொடக்‌ஷன் சம்பளமும் குறைவுதான். ‘சிம்ப்ஸன்ஸ்’, ‘ஃபேமிலி கை’ தொடர்களின் புரொடக்‌ஷன் ஊழியர்கள் 2022-இல் அனிமேஷன் தொழிற்சங்கத்தில் சேர முன்வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது வரைபடத் தொகுப்பை அனுப்பாதீர்கள். சுமாரான ஓவியர் என்ற முத்திரைதான் மிஞ்சும். கல்லூரிக் குழுப்படத்தின் அட்டவணையை அனுப்புங்கள்: எத்தனை ஷாட், யார் கையில், எந்த நாளில் தாமதமானது, அதை எப்படிச் சரிக்கட்டினீர்கள் என்று ஒரே பக்கத்தில். டூன் பூம் ஹார்மனி என்ற அனிமேஷன் மென்பொருளில் ஒரு ஷாட்டை முழுதாக முடிக்க எவ்வளவு நேரமாகிறது என்பதையாவது கையால் செய்து தெரிந்துகொள்ளுங்கள். அனிமேட்டர் "இரண்டு நாள் வேண்டும்" என்று கேட்கும்போது, அது நியாயமான கோரிக்கையா என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.