ஏஜென்சி வழியாக வேலை: சம்பளத்துக்கு யார் பொறுப்பு?

கேள்வி: சோழிங்கநல்லூரில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில், ஏஜென்சி ஒன்றின் வழியாகப் பதினொரு மாத ஒப்பந்தத்தில் டெஸ்டராக வேலை பார்க்கிறேன். இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை. கிளையன்ட் இன்னும் பில்லுக்குப் பணம் அனுப்பவில்லை, வந்தவுடன் போட்டுவிடுகிறோம் என்கிறது ஏஜென்சி. கிளையன்ட் நிறுவன மேலாளரோ, அது எங்கள் கையில் இல்லை என்கிறார். நான் யாரைக் கேட்பது?
— வாசகி, மேடவாக்கம்

பதில்: முதலில் ஏஜென்சியை, அது தராவிட்டால் கிளையன்டையும் கேட்கலாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கைக்கு வந்துவிட வேண்டும். கிளையன்ட் தந்தால்தான் தருவோம் என்ற நிபந்தனைக்கு அதில் இடமே இல்லை. சம்பளம் தர வேண்டிய முதலாளி தவறினால், எந்த நிறுவனத்தில் வேலை நடக்கிறதோ அதன் உரிமையாளர் பொறுப்பேற்க வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. ஆகவே அந்த மேலாளரின் பதிலை முடிவான பதிலாக நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் இந்தச் சாக்கையே 2003-ஆம் ஆண்டின் ஏஜென்சி விதிமுறைகள் வெளிப்படையாகத் தடை செய்திருக்கின்றன: வாடிக்கையாளர் பணம் தரவில்லை என்பதைக் காரணம் காட்டி, வேலை செய்தவரின் ஊதியத்தை ஏஜென்சி நிறுத்திவைக்கக் கூடாது. பணம் வரத் தாமதமாகும் என்ற தொழில் அபாயத்தைத் தாங்குவதற்காகத்தானே ஏஜென்சி உங்கள் உழைப்பின் மேல் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது? அந்த அபாயத்தையும் உங்கள் தலையில் கட்டுவது அநியாயம்.

ஆனால் ஒன்றை இன்றே எடுத்துப் பாருங்கள். உங்களிடம் இருப்பது பணி நியமன ஆணையா, 'கன்சல்டன்ட்' ஒப்பந்தமா? பி.எஃப். பிடிக்காமல், தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீத வரியை மட்டும் கழித்துக்கொண்டு பணம் போட்டிருந்தால், காகிதத்தில் நீங்கள் ஊழியரே அல்ல என்று ஏஜென்சி வாதாடும். அப்போது வழக்கறிஞர் நோட்டீஸ், உரிமையியல் வழக்கு என்று வழி நீளும். ஊழியர் என்று இருந்தாலும், சம்பளச் சீட்டை மட்டும் நம்பாதீர்கள். சென்ற ஆண்டு என்னைப் பார்க்க வந்த ஓர் இளைஞர் தம் சீட்டுகளை மேசையில் வரிசையாக அடுக்கினார், மாதந்தோறும் பி.எஃப். 1,800 ரூபாய் கழிக்கப்பட்டிருந்தது. கைபேசியில் அவருடைய பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தபோது, கடைசிப் பதிவு ஏழு மாதங்களுக்கு முந்தையதாக இருந்தது. அதுவரை ஒருமுறைகூட அவர் அதைப் பார்த்ததில்லை.

மேலாளர் ஒப்புதல் தந்த டைம்ஷீட்டுகளையும் அதற்கான மின்னஞ்சல்களையும் இப்போதே சேமித்து வையுங்கள். லேப்டாப்பை ஒப்படைத்த நாளிலேயே லாகின் போய்விடும், அதன் பிறகு நீங்கள் அங்கே உழைத்ததற்கு உங்களிடம் சான்று இருக்காது. (நிறுவனத்தின் வேறெந்தக் கோப்பையும் தொடாதீர்கள்.) பிறகு, நிலுவைத் தொகையையும் ஒரு கெடு தேதியையும் குறிப்பிட்டு ஏஜென்சிக்கு மின்னஞ்சல் அனுப்பி, கிளையன்டின் மனிதவளத் துறைக்கும் நகல் வையுங்கள். பேச்சளவில் பல வாரம் நகராத பணம், இந்த நகலுக்குப் பிறகு நகர்ந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கெடு தாண்டினால் தொழிலாளர் துறையில் மனு கொடுங்கள். துறையின் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. கோரிக்கை எழுப்ப மூன்று ஆண்டு அவகாசம் உண்டென்றாலும், காத்திருக்காதீர்கள்.

கேள்வி: என் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. கிளையன்ட் நிறுவனமே நேரடி வேலை தருவதாகச் சொல்கிறது. ஆனால் முடிந்த ஓராண்டுக்குள் அங்கே சேர்ந்தால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று ஏஜென்சியின் ஒப்பந்தத்தில் இருக்கிறது. சேரலாமா?
— வாசகர், தாம்பரம்

பதில்: ஒப்பந்தக் காலம் முழுவதையும் முடித்துவிட்டுச் சேருங்கள். ஒருவர் தம் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் உடன்பாடு, 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி அந்த அளவுக்குச் செல்லாது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒருவரைக் கட்டிப்போடும் நிபந்தனையை, கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் தொடர்பான வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. இடையிலேயே விலகுவது வேறு விஷயம்: மூன்று ஆண்டுக்கு முன் பணியை விட்டால் இரண்டு லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனையை அதே நீதிமன்றம் 2025-இல் செல்லும் என்றது. எனவே ஒரு வாரம் முன்னதாக வரச் சொன்னாலும் அவசரப்படாதீர்கள்.

ஏஜென்சியின் ஆளை நேரடியாக எடுத்துக்கொண்டால் கட்டணம் தர வேண்டும் என்று அவ்விரு நிறுவனங்களுக்கும் இடையே தனி உடன்பாடு இருப்பதுண்டு. இருந்தால் அந்தத் தொகை கிளையன்ட் கொடுக்க வேண்டியது. அதை ஏற்கிறோம் என்று அவர்களிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்கள் ஏஜென்சியிடம் இருந்தால், சேரும் செய்தியைச் சொல்வதற்கு முன்பே திரும்பப் பெற்றுவிடுங்கள்.