வளாகத்தில் சமத்துவக் குழு தொடங்க வேண்டும்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி: நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மும்பையில் ஒரு மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் எம்.ஏ. முதலாமாண்டு படிக்கிறேன். என்னைப் போன்ற ஆதிதிராவிடர் வீட்டுப் பிள்ளைகள், மராத்தி பேசும் பௌத்த வீட்டுப் பிள்ளைகள், ஓர் ஆதிவாசி மாணவி என ஏழெட்டுப் பேர் சேர்ந்திருக்கிறோம். சிலருக்கு உதவித்தொகை வரவே இல்லை. சிலருடைய விண்ணப்பத்தை ஏற்கவே இல்லை. ஒரு பேராசிரியர் வகுப்பிலேயே "கோட்டாவில் வந்தவர்கள்" என்று சொல்லிக் காட்டுகிறார். உடனே தர்ணாவில் உட்காரலாம் என்கிறார் ஒரு சீனியர். "படிக்கப் போனியா, சங்கம் வைக்கப் போனியா" என்கிறார் அப்பா. குழு தொடங்க அனுமதி வேண்டுமா? பட்டத்துக்கு ஆபத்து வருமா? முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள தங்கைக்கு, குழுவுக்குப் பெயர் வைப்பதையும் பேனர் அடிப்பதையும் தள்ளிப் போடுங்கள். உங்களில் ஒருவருடைய ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மனுவாக எழுதி அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி, முடியும் வரை விடாமல் பின்தொடருங்கள். ஒரு மாணவிக்கு நின்றுபோன உதவித்தொகை வந்துவிட்டால், அடுத்த வாரம் உங்களைத் தேடி இருபது பேர் வருவார்கள். குழு அப்படித்தான் உருவாகும். செம்பூரில் மாணவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அனுமதி விஷயத்துக்கு வருவோம். கேன்டீனிலோ மரத்தடியிலோ உட்கார்ந்து படிக்க, பேச யாருடைய அனுமதியும் தேவையில்லை. அரங்கம், அறிவிப்புப் பலகை, பல்கலைக்கழகத்தின் பெயர், சின்னம் ஆகியவற்றைப் பயன்படுத்தத்தான் அனுமதி கேட்க வேண்டும். இதில் பெயர்தான் பெரிய கண்ணி. சென்னை ஐஐடியில் 2014இல் தொடங்கிய அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரம் 2015 மே மாதம் பறிக்கப்பட்டது நினைவிருக்கும். அனுமதி இல்லாமல் நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தினார்கள் என்பது அப்போது எழுந்த சர்ச்சைகளில் ஒன்று. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பி, ஜூன் மாதமே அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது.

இன்னொன்று நம் ஊரிலேயே நடந்தது. தேவ்னாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 2024 ஏப்ரலில் ஒரு தலித் ஆய்வு மாணவரை இரண்டு ஆண்டுகளுக்கு இடைநீக்கம் செய்தது. டெல்லிப் பேரணியில் நிறுவனத்தின் பெயர் கொண்ட பேனரின் கீழ் கலந்துகொண்டார் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. உயர் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம்தான், அதுவரை அனுபவித்த தண்டனையே போதும் என்று சொல்லி அவரைப் படிப்பை முடிக்க அனுமதித்தது. ஓராண்டுக்கு மேல் ஓர் ஆய்வு மாணவரின் வாழ்க்கையில் போய்விட்டது. ஆகவே பெயர் வைக்கும் நாள் வரும்போது, பல்கலைக்கழகத்தின் பெயரை எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் அதில் ஒட்டாதீர்கள். "வளாக மாணவர் சமத்துவ வட்டம்" என்பது போல எதையாவது வைத்துக்கொள்ளலாம்.

இனி, எந்தப் பிரச்சினையை முதலில் எடுப்பது? என் கணிப்பில் உதவித்தொகைதான். பேராசிரியரின் பேச்சு அதைவிட அதிகமாக வலிக்கும், தெரியும். ஆனால் அதற்குச் சாட்சி வேண்டும், துணிச்சல் வேண்டும், பின்னால் நிற்க ஆட்கள் வேண்டும். உதவித்தொகைக்குக் காகிதம் போதும்.

இதில் உங்கள் குழுவுக்குள்ளேயே வெவ்வேறு நிலைமைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே மனுவில் போட்டால் எல்லாமே தொங்கிப்போகும். மராத்திக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் மகாராஷ்டிரச் சாதிச் சான்றிதழ் இருக்கும். அவர்கள் மாநில அரசின் உதவித்தொகை இணையதளமான மகாடிபிடியில் விண்ணப்பித்திருப்பார்கள், பணம்தான் வந்திருக்காது. அங்கே கேட்க வேண்டியது இரண்டுதான். விண்ணப்பம் யாருடைய மேசையில் நிற்கிறது? பணம் வரும்வரை கட்டணத்தைக் காரணம் காட்டி ஹால் டிக்கெட்டையோ மதிப்பெண் பட்டியலையோ நிறுத்தாமல் இருப்பீர்களா? கல்லூரி எழுத்தரின் சரிபார்ப்பிலேயே விண்ணப்பம் முடங்கிக் கிடப்பது சாதாரணம். அது ஒரு மனுவிலேயே நகரும்.

தமிழ்ப் பிள்ளைகளின் சிக்கல் வேறு. தாராவியில் மூன்று தலைமுறையாக இருந்தாலும், சான்றிதழ் தமிழ்நாட்டுடையது என்றால் மகாராஷ்டிர அரசின் இடஒதுக்கீட்டுக்கும் உதவித்தொகைக்கும் அது செல்லாது. காரணமான தீர்ப்பும் இந்த ஊர் வழக்கில் வந்ததுதான். தந்தையின் வேலையால் மும்பைக்கு வந்த ஆந்திர மாணவர் ஒருவர், பரேலில் உள்ள சேட் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினருக்கான இடம் கேட்டார். பட்டியல் அந்தந்த மாநிலத்துக்கு உரியது, இடம்பெயர்ந்தால் கூடவே வராது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1994இல் மகாராஷ்டிரச் சான்றிதழ்கள் பற்றிய இன்னொரு வழக்கில் அதையே உறுதியும் செய்தது. மத்திய அரசின் மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகையோ, மாணவர் எந்த மாநிலத்தில் நிரந்தரமாகக் குடியிருக்கிறாரோ அந்த மாநிலம் தர வேண்டியது. நீ இங்கே இல்லையே என்கிறது தமிழ்நாடு. உன் சாதி எங்கள் பட்டியலில் இல்லையே என்கிறது மகாராஷ்டிரம். இந்த இடுக்கில் விழுந்து படிப்பை விட்ட பிள்ளைகள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். இது மிகப் பெரிய அநீதி. இதற்குக் குரல் கொடுக்க உங்களைவிடத் தகுதியானவர்கள் யாரும் இல்லை.

ஆனால் பல்கலைக்கழக எழுத்தரால் இதைத் தீர்க்க முடியாது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். அவர் மேஜையைத் தட்டிப் பயனில்லை. வளாகத்தில் நீங்கள் கேட்கக்கூடியது கட்டணத் தவணை, ஏழை மாணவர் நிதி, புத்தக வங்கி. மாநில அரசிடம் வைக்க வேண்டிய கோரிக்கை தனி. அதற்கு முதலில் எத்தனை மாணவர்கள் இப்படி இருக்கிறார்கள் என்ற கணக்கு வேண்டும். அதை எடுப்பதே குழுவின் இந்த ஆண்டு வேலையாக இருக்கட்டும். கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகளையும் கணக்கில் சேருங்கள். 1950ஆம் ஆண்டு ஆணைப்படி அவர்கள் பட்டியல் சாதியில் வரமாட்டார்கள். ஆனால் வகுப்பில் அவர்கள் கேட்கும் பேச்சு உங்களுக்குக் கேட்கும் அதே பேச்சுதான்.

மனு எப்படி இருக்க வேண்டும்? ஒரு பக்கம் போதும். மராத்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். கோபம் வேண்டாம், வரலாறு வேண்டாம். உள்ளே இருக்க வேண்டியது இவ்வளவுதான்: "நான் இந்தத் துறையில் முதலாமாண்டு மாணவி. என் உதவித்தொகை விண்ணப்ப எண் இது. இந்தத் தேதியில் சமர்ப்பித்தேன். இன்றுவரை கல்லூரி அளவிலான சரிபார்ப்பு முடியவில்லை. எந்தத் தேதிக்குள் முடியும் என்று எழுத்தில் தெரிவிக்கவும். அதுவரை கட்டண நிலுவைக்காக என் தேர்வு அனுமதியை நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்." இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றை ஆவக்-ஜாவக் மேசையில், அதாவது கடிதங்களைப் பதிவு செய்து வாங்கும் இடத்தில், கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியும் முத்திரையும் உள்வரவு எண்ணும் வாங்குங்கள். "மேடம் சீட்ல இல்ல, வெச்சுட்டுப் போ" என்பார்கள். வைத்துவிட்டு வராதீர்கள். முத்திரை தர மறுத்தால் அன்றே பதிவு அஞ்சலில் அனுப்புங்கள், மின்னஞ்சலும் போடுங்கள்.

பதில் வரவில்லை என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2023ஆம் ஆண்டு விதிகளின்படி மாணவர் குறைதீர்க்கும் குழுவுக்குப் போகலாம். பதினைந்து வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும் என்று அந்த விதி சொல்கிறது. அதற்கு மேல் முறையீட்டை விசாரிக்கும் ஆம்புட்ஸ்பெர்சன் இருக்கிறார். அப்படிக் குழுவே இல்லை என்று சொன்னால், அதுவே உங்களுடைய அடுத்த மனு.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாநிலப் பல்கலைக்கழகம் என்பதால் மகாராஷ்டிர விதிகள் பொருந்தும். பத்து ரூபாய்க் கட்டணம், ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 சொற்களுக்குள். பதில் தர முப்பது நாள் அவகாசம். "ஏன் தாமதம்?" என்று கேட்டால் பதில் வராது. "இந்தக் கல்வியாண்டில் எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை சரிபார்க்கப்பட்டன, நிலுவையில் எத்தனை?" என்று கேளுங்கள். பவாயில் உள்ள ஐஐடியில் 2023இல் விடுதி மெஸ்ஸில் சைவ உணவு சாப்பிடுபவர்களுக்கு மட்டும் என்று இடம் பிரித்தபோது, அப்படி ஒரு கொள்கையே நிறுவனத்தில் இல்லை என்பது இந்தச் சட்டத்தின் வழியாகத்தான் வெளியே வந்தது. ஆனால் அதற்குப் பிறகு மெஸ் நிர்வாகம் தனி மேசைகளை ஒதுக்கியே விட்டது. எதிர்த்த மாணவருக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விழுந்தது. தகவல் கையில் இருந்தால் மட்டும் போதாது, கூட நிற்க ஆட்கள் வேண்டும் என்பதற்காகத்தான் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சரி, அந்தப் பேராசிரியர். உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவம் பற்றிய யுஜிசியின் 2012ஆம் ஆண்டு விதிகளைப் படியுங்கள். மாணவர்களை "ரிசர்வ்டு" என்று முத்திரை குத்துவது, படிப்பில் பின்தங்கியதற்குச் சாதியைக் காரணம் காட்டிப் பேசுவது, வகுப்பில் தனி இடத்தில் உட்காரவைப்பது, ஆய்வகத்தில் வேலை தராமல் சும்மா நிறுத்துவது, விடுதியிலும் மெஸ்ஸிலும் பிரித்து வைப்பது எல்லாம் அதில் பெயர் சொல்லியே தடை செய்யப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்பு மையம் அமைத்து, பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். பல இடங்களில் இது காகிதத்தோடு நின்றதால்தான், ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் உயிரை மாய்த்துக்கொண்ட ஆய்வு மாணவர் ரோஹித் வேமுலாவின் தாயார் ராதிகாவும், மும்பையில் மருத்துவ மேற்படிப்புப் படித்தபோது உயிரை மாய்த்துக்கொண்ட பாயல் தட்வியின் தாயார் ஆபிதாவும் 2019இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2026 ஜனவரியில் யுஜிசி புதிய விதிகளை வெளியிட்டது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்து, 2012 விதிகளே தொடரட்டும் என்றது. மனு எழுதும் நாளில் நிலைமையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் புகாருக்கு இன்றே ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். தேதி, நேரம், பாடவேளை, அவர் சொன்ன சொல் அப்படியே, கேட்டவர்கள் யார் யார். அன்று மாலையே எழுதிவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து எழுதினால் சொல் மாறிவிடும், புகார் பலமிழந்துவிடும். சாதிப் பெயர் சொல்லியே இழிவுபடுத்தினால் அது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குள் போகும் விஷயம். காவல் நிலையம் போவதா வேண்டாமா என்பதைப் பாதிக்கப்பட்டவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். குழு கூடி ஓட்டெடுத்து முடிவு செய்கிற விஷயம் இல்லை அது. பாதிக்கப்பட்டவரின் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். நல்லெண்ணத்தில் பகிர்ந்த ஒரு ஸ்க்ரீன்ஷாட் போதும், அந்தப் பெண் வளாகத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவாள்.

தர்ணா வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 2018 பிப்ரவரியில் அதே தேவ்னார் டாட்டா நிறுவனத்தில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களின் விடுதி, உணவுக் கட்டணச் சலுகைக்காக நடந்த வேலைநிறுத்தம் துல்ஜாபூர், ஐதராபாத், குவாஹாத்தி வளாகங்களுக்கும் பரவியது. உட்கார வேண்டிய நேரம் வரும். மனு, நினைவூட்டல், மேல்முறையீடு என்று முத்திரையோடு ஒரு கட்டுக் காகிதம் கையில் இருக்கும்போது உட்காருங்கள். அதற்கு முன் உங்கள் வளாகத்தின் ஒழுங்கு விதிகளை ஒருவர் வரி விடாமல் படித்து, மற்றவர்களுக்குச் சொல்லட்டும். வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தால் போலீஸ் அனுமதி வேண்டும். மும்பையில் போராட்டத்துக்கு என்று ஒதுக்கியிருப்பது ஆசாத் மைதானம்.

பட்டத்துக்கு ஆபத்து உண்டா என்றால், மனு கொடுத்ததற்காக யாரும் பட்டத்தை நிறுத்த முடியாது. ஒழுங்கு நடவடிக்கைதான் கவனிக்க வேண்டியது. அது பதிவானால் லிங்டோ குழுவின் பரிந்துரைப்படி மாணவர் தேர்தலில்கூட நிற்க முடியாது. விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் பயப்படாதீர்கள், வாய்வார்த்தையாகப் பதில் சொல்லாதீர்கள். எந்த விதி, யார் கொடுத்த புகார், அதன் நகல் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். மன்னிப்புக் கடிதத்தை நீட்டி "இங்கேயே கையெழுத்துப் போடு" என்றால், நாளை தருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

அப்புறம், பணம். ஆரம்பத்தில் வசூலே வேண்டாம். ஜெராக்ஸ் செலவை அன்றன்றைக்குப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஒருவருடைய ஜிபேயில் எல்லோருடைய பணமும் போய்ச் சேர்ந்த இடத்தில்தான் நல்ல குழுக்கள் உடைந்திருக்கின்றன. கூட்டத்தில் தமிழில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தால் அந்த ஆதிவாசித் தோழி மெல்ல விலகிவிடுவாள். இந்தியிலோ மராத்தியிலோ பேசுங்கள். மராத்தி அம்பேத்கரிய மாணவர்களுக்கு இந்த ஊரில் நீண்ட அனுபவம் உண்டு. 1946இல் அம்பேத்கர் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரி இங்கேதான் இருக்கிறது, தலித் பேந்தர் இயக்கம் 1972இல் இங்கேதான் பிறந்தது. அம்பேத்கர் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று தாதரில் உள்ள அவர் நினைவிடமான சைத்யபூமிக்குப் போய் சிவாஜி பார்க் புத்தகக் கடைகளில் நின்றாலே வேறு வளாகங்களின் குழுக்களைச் சந்தித்துவிடலாம்.

அப்பாவிடம் முத்திரை வாங்கிய முதல் மனுவைக் காட்டுங்கள். அவருடைய உதவியும் வேண்டியிருக்கிறது. அவரிடம் தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் இருந்தால், அதன் அடிப்படையில் உங்களுக்கு இங்கேயே சான்று தர மத்திய அரசின் படிவத்தில் தனிப் பத்தி இருக்கிறது. ஃபோர்ட்டில் பழைய கஸ்டம் ஹவுஸில் உள்ள மும்பை நகர மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். மத்திய நிறுவனங்களில் சேரவும் மத்திய அரசு வேலைக்கும் அது உதவும். மகாராஷ்டிரச் சாதிச் சான்றிதழே (தாக்லா) வேண்டுமென்றால் இரண்டு நிபந்தனை: உங்கள் சாதி மகாராஷ்டிரப் பட்டியலிலும் இருக்க வேண்டும், குடும்பம் 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே இங்கே குடியிருந்திருக்க வேண்டும். பட்டியலை முதலில் பாருங்கள். அதில் உங்கள் சாதி இருந்தால், தாத்தாவோ பெரிய தாத்தாவோ மாநகராட்சிப் பள்ளியில் படித்தாரா என்று அப்பாவிடம் விசாரித்து, அந்தப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டு நகலுக்கு மனுப் போடுங்கள்.