தன்னார்வ இரத்த தானம் என்றால் என்ன? தேவைப்படும்போது உறவினர் கொடுத்தால் போதாதா?

பணமோ வேறு கைம்மாறோ பெறாமல், யாருடைய வற்புறுத்தலும் இன்றி ஒருவர் தாமாக முன்வந்து இரத்தம் கொடுப்பதே தன்னார்வ இரத்த தானம்.

உறவினரை மட்டும் நம்பியிருக்க முடியாததற்குக் காரணம் இரத்தத்தின் இயல்பிலேயே இருக்கிறது. அதை ஆலையில் தயாரிக்க முடியாது. நெடுநாள் சேர்த்துவைக்கவும் முடியாது. குளிர்பதனத்தில் சிவப்பணுக்கள் அதிகபட்சம் 42 நாட்கள் தாங்கும். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களோ, அறை வெப்பநிலையில் ஓயாமல் மெல்ல அசைத்துக்கொண்டே வைத்திருந்தாலும், பொதுவாக 5 நாட்கள்தான். மேலும், கொடுத்த இரத்தம் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் போன்றவற்றுக்கான பரிசோதனைகளைக் கடந்த பிறகே நோயாளிக்கு ஏற்றப்படும் என்பதால், விபத்தில் சிக்கியவரைக் காப்பாற்றுவது பெரும்பாலும் முன்பே யாரோ கொடுத்துவைத்த இரத்தம்தான். வீட்டில் தீப்பிடித்தால் தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீர்தானே உதவும்?

இன்னொரு காரணத்தை, என் பார்வையில் இதுவே முக்கியமானது, பலரும் கவனிப்பதில்லை. தொற்று ஏற்பட்ட தொடக்க நாட்களில் பரிசோதனையில் அது தெரியாமல் போகலாம். அப்போது, இரத்தம் கொடுக்கும் முன் தம் உடல்நலம், பழக்கவழக்கம் பற்றி நிரப்பும் படிவத்தில் கொடுப்பவர் உண்மையை எழுதுவதே பாதுகாப்பு. பணத்துக்காகவோ குடும்பத்தின் நெருக்குதலுக்காகவோ வந்தவர் அதை மறைக்கக்கூடும். தாமாக வந்தவருக்கு அந்தத் தேவை இல்லை.

இரத்தம் கொடுத்தால் உடல் நிரந்தரமாகப் பலவீனமாகும் என்பது தவறான எண்ணம்: கொடுப்பது 350 அல்லது 450 மில்லிலிட்டர், அதன் நீர்ப்பகுதி ஓரிரு நாட்களிலும் சிவப்பணுக்கள் சில வாரங்களிலும் மீண்டும் ஊறிவிடும்.